அம்மா பிடித்து வைத்த தண்ணீர்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில், இன்று கம்பெனிச் சுவர்கள் நிற்கும் பக்கத்தில்தான் எங்கள் ஊர் இருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே கிணறு, கோடையிலும் வற்றாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் போட்டது போட்டபடி நிற்கும். குடிப்பதற்கு மட்டும் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் வரும். பருப்புக்கு மழைத்தண்ணீர்தான்.

அதை அம்மா ஐப்பசியில் பிடிப்பாள். முதல் மழையைத் தொடமாட்டாள். அது வானத்தைக் கழுவிய தண்ணீர் என்பாள். அடுத்த மழைக்கு அப்பாவின் வேட்டியை வாசலில் நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போடுவாள். கல் கிடக்கும் இடத்தில் துணி குழிந்து, தண்ணீர் ஒரே தாரையாக அடியில் வைத்த அண்டாவில் விழும். அதை எடுத்துப்போய்ச் சமையலறை மூலையில் இருந்த மண்சாலில் ஊற்றி, வாயைத் துணியால் மூடிக் கட்டுவாள். சால் என்றால், என் கழுத்து உயரத்துக்கு இருந்த பெரிய பானை. அது உருளாமல் இருக்க அடியில் மணல் கொட்டியிருந்தது. அந்த மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். அதில் ஒரு தேரை குடியிருந்தது.

1991 தை மாதம் அம்மா இறந்துபோனாள். மஞ்சள் காமாலை என்றார்கள். புடவைகளைப் பெரியம்மா வந்து எடுத்துப்போனாள். சால் மட்டும் அம்மா கட்டிய முடிச்சோடு அப்படியே இருந்தது. அதன்பிறகு வீட்டில் சமையல் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எதிர் வீட்டு அத்தை சோறு கொடுத்தனுப்புவாள். அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஓ.டி. கிடைத்தால் விடமாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் தேரையும்தான். வகுப்பில் நடந்ததை எல்லாம் அதனிடம் வரிசையாகச் சொல்வேன். அது தொண்டையை மட்டும் அசைத்துக் கேட்டுக்கொள்ளும்.

ஆவணியில் அப்பா மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். சித்தி வாலாஜாபாத்துக்காரி. வந்த மறுநாளே சாம்பார் வைத்தாள். எட்டிப் பார்க்க வந்த எதிர் வீட்டு அத்தை கரண்டியில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா பொண்ணே இது, பருப்பா? கல்லாங்கா ஆடலாம் போலக் கீது."

"எங்க ஊர்ல ரெண்டு கொதியில கரைஞ்சிடும்க்கா. பாலாத்துத் தண்ணி."

"இது உப்பு ஊரு. அதோ மூலைல சால் கீது பாரு, மழத்தண்ணி. ஒரு சொம்பு மொண்டு ஊத்து, வெண்ண மாதிரி வெந்துடும்."

சித்தி சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் ஓடிப்போய்ச் சாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"இது எங்கம்மா தண்ணி. யாரும் தொடக் கூடாது."

"மழ இன்னா உங்கம்மா வூட்டுச் சீதனமாடி?" என்றாள் அத்தை.

சித்தி சிரிக்கவில்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். அன்று இரவு அப்பா பருப்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். "பல்லுக்கும் வேல வேணும்தான். தெனமும் வேணாம். நாளைக்கு ரசம் வெச்சுடு" என்றார். சித்தி தலையை ஆட்டினாள். அடுத்து வந்த நாட்களில் எங்கள் வீட்டில் ரசம்தான்.

யாரும் பார்க்காதபோது சித்தி சாலில் மொள்ளுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சித்தி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அம்மாவின் முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகுதான், அதைத் திரும்ப அப்படியே போட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. உள்ளே பார்த்தேன். சாலின் கழுத்து வரை இருக்கவேண்டிய தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

துடைப்பத்திலிருந்து நீளமான குச்சி ஒன்றை உருவி, அடியைத் தொடும்வரை விட்டு எடுத்து, ஈரம் பட்ட இடத்தில் ஒரு நூலைக் கட்டினேன். குச்சியைச் சாலுக்குப் பின்னால் செருகினேன். துணியை எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சால் கட்டினேன்: பள்ளிக்கூடத்துக்குப் பின்னலில் போடும் ரிப்பன் முடிச்சு. அடையாளத்துக்கு வலப்பக்கக் காதை மட்டும் நீளமாக விட்டேன்.

சில நாள் கழித்துப் பார்த்தேன். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. குச்சியில் ஈரம் நூலுக்குக் கீழே நின்றது.

"நீதான் எடுக்குற" என்றேன் சித்தியிடம். அவளிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அது.

"நா தொடல பாப்பா. சத்தியமா."

"எடுத்துக்கினு, என் முடிச்சு மாதிரியே போட்டு வெச்சுடுற."

சித்தி குனிந்து முடிச்சைப் பார்த்தாள். "இது இன்னா முடிச்சு? எனக்குப் போடவே தெரியாதே."

"பொய்யி."

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். "சாலுக்குப் பூட்டா போட முடியும்? அடுத்த மாசம் மழ ஊத்தப் போவுது. இதுக்கு ஒரு பஞ்சாயத்து" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மழை ஊற்றும்தான். அது அம்மா பிடித்த மழையாக இருக்காது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தேரையிடம் போய்ச் சொன்னேன்.

ஐப்பசியில் மழை வந்தது. சித்தி வாசலில் அப்பாவின் வேட்டியைக் கட்டிவிட்டு நனைந்துகொண்டு நின்றாள். வேட்டி தொப்பை போலத் தொங்கி நாலாபக்கமும் ஒழுகியது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நடுவுல கல்லு போடுடி, கல்லு!" என்று எதிர் வீட்டிலிருந்து அத்தை கத்தினாள். கல் விழுந்ததும் தாரை ஒன்றாயிற்று. அண்டா, வாளி, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தவலை என்று இருந்ததில் எல்லாம் சித்தி பிடித்து வைத்தாள். சாலின் பக்கம் போகவில்லை. அன்று பருப்பு வெந்தது. அப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அவர் பாராட்டு என்பது அவ்வளவுதான்.

அந்த வாரத்திலிருந்து குச்சியில் ஈரம் சரியாக நூலில் வந்து நின்றது. எப்போது விட்டுப் பார்த்தாலும் நூலில்தான். முடிச்சும் நான் போட்டபடியே, வலக்காது நீளமாக. நான் யோசித்து முடிவுக்கு வந்தேன். தண்ணீர் இல்லாதவரை திருடினாள். சொந்தத் தண்ணீர் வந்ததும் நிறுத்திவிட்டாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சித்தி திருடி என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. என் தலையை மழைத்தண்ணீரில் அலசிவிட அவள் கூப்பிட்டபோது நான் கிணற்றடிக்குப் போய் உப்புத்தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்.

தையில் அம்மாவுக்கு வருஷத் திதி வந்தது. அன்றைய பருப்புக்கு மட்டும் சாலிலிருந்து ஒரு சொம்பு எடுக்க நானே அனுமதி கொடுத்தேன், நானே மொண்டேன். பருப்பு கையில் எடுத்தால் கரைந்தது.

"பாத்தியா? எங்கம்மா தண்ணி" என்றேன்.

"ஆமா பாப்பா. அந்தத் தண்ணி ருசியே வேற" என்றாள் சித்தி, இலையில் இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டே.

அந்தச் சால் நாங்கள் வீடு மாறும்போது உடைந்தது. சித்தியும் இப்போது இல்லை. போன கோடையில், ஃபிரிட்ஜ் தண்ணீர் தொண்டைக்கு ஆகவில்லை என்று ஒரு மண்பானை வாங்கினேன். நிரப்பி, தட்டால் மூடி வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனேன். பூட்டிய வீடு. திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் கழுத்திலிருந்து நன்றாக இறங்கியிருந்தது. அடியில் தரை வட்டமாக நனைந்திருந்தது. மண்பானை கசியும். யாரும் தொடாவிட்டாலும் அதில் தண்ணீர் குறையும். குறையாமல் இருக்கவே முடியாது. அந்த ஈரத்தைக் கையால் தொட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் தண்ணீர் எங்கே போகிறது என்பது, ஈர மணலில் குடியிருந்த தேரைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனபிறகு அந்த மூலையில் ஒருத்தி குனிந்து, பழகாத விரல்களால் ஒரு ரிப்பன் முடிச்சை அவிழ்த்து, குச்சியை விட்டுப் பார்த்து, நூல் நனையும்வரை தான் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றி, மறுபடி கட்டி, மறக்காமல் வலப்பக்கக் காதை நீளமாக இழுத்துவிடுவதையும் அது பார்த்திருக்கும். மாலையில் நான் அதனிடம் எல்லாக் கதையும் சொன்னேன். அது வழக்கம்போல் தொண்டையை மட்டும் அசைத்தது.