பூஜை அன்றைக்குப் பார்த்த பிரேக்

யக்ஞநாராயணன் அமெரிக்காவுக்குக் கிளம்பியது 2007-ல், பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கணினி நிறுவனத்தில் அவர்தான் புஷ்பலதாவுக்கு மூத்தவர். அன்று மத்தியானம் கீழே வாங்கிய மைசூர்பாகை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பாதியில் நின்ற வேலையை அவள் தலையில் கட்டினார். "ரூல்ஸ் எல்லாம் எழுதி க்ளையண்ட் கையெழுத்தும் வாங்கியாச்சு. நீ ஓட்டினா மட்டும் போதும்மா," என்றார்.

புஷ்பலதா என் பெரியப்பா மகள். பெரியப்பா சுப்பராயலு முடிச்சூரில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, மிச்சத்தில் வாடகைக்கு வரிசை வீடு கட்டியவர். நான் ஒரு ஊரிலும் தரிக்காமல் வடக்கே சுற்றிக்கொண்டிருந்த வருடங்களில், அவள் தாம்பரத்தைத் தாண்டாமல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். திரும்பி வந்த பிறகு அவளும் அவள் தம்பி குணாவும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் வேலை இதுதான். ஒரு கம்பெனியின் பழைய கணினியில் இருக்கும் விவரங்களைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பழையதில் எல்லாமே வெறும் எழுத்து. எடை என்ற கட்டத்தில் 'கொஞ்சம்' என்று அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். புதியது அப்படியில்லை; எடைக்கு எண்தான் கேட்கும், நாளுக்குத் தேதிதான் கேட்கும். எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றி அனுப்பும் நிரலை அவள் எழுதுவாள். மாற மறுக்கும் வரிகள் சிவப்பாக வந்து நிற்கும். யாரையாவது கேட்டு அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்வாள். சிவப்பே வராவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

யக்ஞநாராயணன் விட்டுப்போன வேலையில் சிவப்பே வரவில்லை.

அது மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பதிவு. தகடு அடிக்கும் பிரஸ்கள் அங்கே வரிசையாக நின்றன. அச்சு மேலிருந்து இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே போய் நிற்கும். அதை நிறுத்துவது பிரேக். பிரேக் தேய்ந்தால், தகட்டை எடுக்கக் கை உள்ளே போகும் நேரத்தில் அச்சு இன்னொரு முறை இறங்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தொழிற்சாலையின் விதி. கடைசியாகப் பார்த்த தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது.

பழைய பதிவைத் திறந்து அந்தக் கட்டத்தை அவள் வரிவரியாகப் படித்தாள். பாதிக்குமேல் தேதியே இல்லை. ஆங்கில எழுத்தில் 'பூஜை' என்று இருந்தது. அது தேதியாக மாறாது. ஆனாலும் சிவப்பு வராததற்குக் காரணம் யக்ஞநாராயணன் எழுதியிருந்த ஒரு விதி: மாறாத இடத்தில் பதிவு ஏற்றும் நாளின் தேதியைப் போட்டுவிடு.

குணா அதே தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவனிடம் கேட்டாள்.

"ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாம் நிறுத்தித் தொடைச்சி பொட்டு வெப்போம்ல. அன்னிக்குதான் ஃபிட்டருங்க பிரேக்கைப் பிரிப்பாங்க," என்றான் குணா.

"எந்த வருஷத்துப் பூஜை?"

"சாமியத்தான் கேக்கணும். இல்லாட்டி முனிரத்தினம் அண்ணன கேளு." அவனே ஃபிட்டர் முனிரத்தினத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தான்.

"அதுவாம்மா? பிரிச்சா பூஜைன்னு அடிக்கச் சொல்லுவோம்," என்றார் முனிரத்தினம். "அடுத்த வருசம் பார்த்தா அங்க பூஜைன்னுதான கீது, மறுக்கா இன்னாத்துக்கு அடிக்கறதுன்னு உட்டுருவாங்க. சிலது நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்டது."

"அப்ப எதைப் பார்த்தீங்க, எதைப் பார்க்கலன்னு...?"

"பொட்டு எல்லாத்துக்கும் வெச்சோம். அது கியாரண்டி."

குணா விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சோறு ஆறிப்போனது.

மறுநாள் மேலாளர் ராஜகோபாலனிடம் போய், அந்த வரிகளைக் காலியாக அனுப்பலாம் என்றாள்.

"காலியா போனா அந்த மெஷினை ஓட்டாதேன்னு புது சாஃப்ட்வேர் சொல்லும். ஃப்ளோர்ல பாதி நின்னுடும். யார் பதில் சொல்றது, நீயா?"

"பார்த்தாங்களான்னே தெரியாத பிரேக்குக்கு நாம தேதி போடறோம் சார்."

"நாம பிரேக் பார்க்கறவங்க இல்லம்மா. டேட்டா ஏத்தறவங்க."

யக்ஞநாராயணனுக்கு மின்னஞ்சல் போட்டாள். ஒரே வரியில் பதில் வந்தது: கையெழுத்தான விதி, கை வைக்காதே.

சனிக்கிழமை ஏற்றும்போது அவள் கை வைத்தாள். பூஜை என்றிருந்த இடங்கள் காலியாகப் போயின.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலையில் பிரஸ்கள் பாதி ஓடவில்லை. சத்தமே இல்லாத அந்த ஷெட்டை அதற்கு முன் பூஜை அன்றுதான் பார்த்திருப்பதாகக் குணா சொன்னான். சும்மா நிற்கிற இயந்திரம்தானே என்று முனிரத்தினம் கையில் அகப்பட்டதைப் பிரிக்க ஆரம்பித்தார். முதலில் பிரித்தது குணாவுடையது. பிரேக்கின் உராயும் பட்டையான லைனிங் தேய்ந்து ஆணியின் தலை வெளியே தெரிந்தது. "டேய், இதுலயா இம்மா நாள் கைய வுட்டுகினு இருந்த?" என்றார். அவர் இரண்டு மூன்றை மாற்றி முடிப்பதற்குள், தாம்பரத்தில் ராஜகோபாலன் புஷ்பலதாவை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பெயரில் திறந்திருந்த கணக்கிலேயே பழைய விதியோடு மறுபடி ஏற்றினார். மத்தியானத்துக்குள் பூஜை என்றிருந்த எல்லாப் பிரஸ்ஸுக்கும் ஒரே தேதி வந்துவிட்டது: 12-02-2007. ஷெட்டில் மறுபடி சத்தம் எழுந்தது. பிரித்துப் போட்டதை மூடச் சொல்லி சூப்பர்வைசர் முனிரத்தினத்தை விரட்டினார்.

அந்த வாரமே புஷ்பலதாவின் வேலை போனது. பிரிக்காத பிரஸ்களைப் பற்றித் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினாள், பதில் இல்லை. குணாவை வேலைக்குப் போகாதே என்றாள். "என்னுதுதான் மாத்தியாச்சே, அக்கா," என்றான். "நாளைக்கு வேற பிரஸ்ல நிக்கச் சொன்னா?" என்று அவள் கேட்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் நிற்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். "பத்தும் கீது, எண்ணிக்கோ," என்று அவன் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போவான். பெரியம்மாவுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது.

2008 கடைசியில் ஆர்டர் குறைந்து தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது, பழைய பிரஸ்களையும் விற்றது. வேலை போன குணா கூடுவாஞ்சேரியில் மனை விற்பவரிடம் வண்டி ஓட்டப் போனான். வேலை போனதற்கு வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள், புஷ்பலதாவைத் தவிர. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் இன்டர்நெட்டும் ஜெராக்ஸும் வைத்துக் கடை போட்டாள். நான் திரும்பி வந்த புதிதில் பொழுது போகாமல் அங்கேதான் கிடந்தேன். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கையைப் பார்ப்பதை விட்டிருந்தாள்.

2009 ஜனவரி மாதம் ஒரு காலையில், கடையைத் திறந்து மின்னஞ்சல் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள். திரையைக் காட்டினாள். ஓசூரிலிருந்து எட்மண்ட் என்ற ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்:

"மேடம், எங்கள் சிறிய தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான். போன நவம்பரில் மறைமலை நகரிலிருந்து ஒரு பழைய பிரஸ் வாங்கினோம். பிரேக் கடைசியாகச் சோதித்த நாள் 12-02-2007, சோதித்தவர் எஸ். புஷ்பலதா என்று அதனுடன் வந்த பதிவில் இருக்கிறது. இரண்டு வருடம் ஆகவில்லை என்பதால் நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. திரு. ராஜகோபாலனிடம் உங்கள் முகவரி வாங்கினேன். சென்ற செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் தொழிலாளி கங்கையம்மாள் மருத்துவமனையில் இருக்கிறார். நீங்கள் சோதித்தபோது லைனிங் எந்த நிலையில் இருந்தது என்று தயவுசெய்து தெரிவிக்கவும்."