கோட்டைத் துணிக்குறி

மலாய்க்கரை ஜார்ஜ்டவுன் வண்ணாந்துறையில் கடற்கரைக் கோட்டைத் துணி என்றால் அது நல்லம்மாளுக்குத்தான். கோட்டைக்குள் அவள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. வண்டிக்காரன் அழுக்கு மூட்டையைக் கொண்டுவந்து போடுவான், வெளுத்ததை ஏற்றிப் போவான். ஆனாலும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைத் துணியே அவளுக்குச் சொல்லிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் வெள்ளைக்காரப் பீரங்கிக்காரர்களின் பித்தளைப் பொத்தான் கோட்டு. அப்புறம் சீக்கியச் சிப்பாய்களின் தலைப்பாகை. ஒன்றை உலர்த்தவே ஒரு கொடி வேண்டும். அவர்களுடைய காக்கிச் சட்டைக் கழுத்துப்பட்டி ஒவ்வொன்றிலும் சேங்கொட்டை மையால் மூன்று புள்ளி, ஒரு கோடு வைப்பாள். அது நல்லம்மாள் குறி. சட்டை நைந்து போனாலும் குறி போகாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தோராம் வருஷம் மூட்டை இளைக்க ஆரம்பித்தது. நாற்பது சட்டை இருபதாச்சு, ஏழாச்சு. பிறகு மேசைவிரிப்பும் திரைச்சீலையும்தான்.

"சட்டையெல்லாம் எங்கேடா?"

"எனக்கென்ன தெரியும் அக்கா? வாசல்ல கட்டி வச்சதை ஏத்திட்டு வர்றேன் லா" என்றான் வண்டிக்காரன்.

துணியை வைத்தே சகலமும் சொல்கிற மகராசி, அந்த மேசைவிரிப்பு சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை! எவளோ என் பிழைப்பைத் தட்டிப் பறிக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த கல்லில் துவைக்கும் புஷ்பவள்ளி மேல் கண் போயிற்று. பதினைந்து வருஷச் சிநேகிதி. அவள் மகன் பிச்சைமுத்துவுக்குத் தன் மகள் தனலெட்சுமியைப் பேசிப் பரிசமும் போட்டாகிவிட்டது. இருந்தால் என்ன? அவள் சிரித்தால், "எதுக்குச் சிரிக்கிறா?" பேசாமல் போனால், "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது."

ஒரு காலையில் புஷ்பவள்ளியின் கொடியில் காக்கிச் சட்டைகள் தொங்கின. நல்லம்மாள் ஓடிப்போய்க் கழுத்துப்பட்டியைத் திருப்பினாள். மூன்று புள்ளி, ஒரு கோடு.

"அடிப் பாவி! என் சோத்துலயே கை வச்சிட்டியே!"

"இது துறைமுகக் காவல்காரங்க துணி அக்கா. குறி எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. என் மகன் மேல சத்தியம்!"

"மனுசி பொய் சொல்லுவா, குறி பொய் சொல்லாது!"

அன்றைக்கே பரிசத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தாள். தனலெட்சுமி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "திருடி வீட்டுக்கா உன்னை அனுப்புவேன்?" என்று உதறிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வண்டிக்காரன் காய்ச்சலில் விழுந்தான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நல்லம்மாளே கோட்டைக்குப் போனாள். வாசலில் காவல் இல்லை. உள்ளே மேசை போட்டுக் கிராணிகள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சிப்பாய்ங்க எங்க தம்பி?"

"கொஞ்சங்கொஞ்சமா அனுப்பிட்டாங்களே அக்கா. கடைசி ஆளு போயி நாலு மாசம் ஆச்சு. இப்ப இது ஆபீஸ். அவங்க பழைய உடுப்பெல்லாம் துறைமுகக் காவலுக்குக் கொடுத்தாச்சு."

பறித்தவளும் இல்லை, பறிக்கப் பட்டாளமும் இல்லை. நல்லம்மாள் பாசார் கடையில் வெற்றிலை, பழம், பூ வாங்கித் தட்டில் வைத்து நேரே புஷ்பவள்ளி வீட்டுக்குப் போனாள்.

"தப்புப் பண்ணிட்டேன் புஷ்பம். என்னை என்ன வேணா திட்டு. பிள்ளைங்க வாழட்டும்."

புஷ்பவள்ளி தட்டைத் தொடவில்லை. "சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தியே அக்கா, என் முகத்தைப் பார்த்தியா? பிச்சைமுத்துவுக்குத் தைப்பிங் ஊர்ல பொண்ணு முடிச்சாச்சு. போன வெள்ளிக்கிழமை."

நல்லம்மாள் தட்டோடு வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் நின்ற தனலெட்சுமி வெற்றிலையையும் பூவையும் பார்த்துவிட்டாள். இரண்டு மாதமாகத் தாயிடம் முகங்கொடுத்துப் பேசாத பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"புஷ்பம் அத்தை வீட்டுக்குத்தானேம்மா கிளம்பிட்டே?"