அவளைப் பார்த்துவிட்டு வந்தவள்

நாற்பதைத் தாண்டிய பிறகு நான் மறுபடியும் மாணவி ஆனேன். இளைஞர்களோடு பல வருடம் வேலை செய்தவர்களுக்கென்றே பீளமேட்டில் ஒரு கல்லூரி முதுகலைப் படிப்பு தொடங்கியிருந்தது. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பழைய மில் குடோனில் நான் இளைஞர் மையம் நடத்தி வந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மில்லுக்கும் பட்டறைக்கும் போகிற பிள்ளைகள் சாயங்காலமானால் அங்கே வருவார்கள். கேரம் ஆடுவார்கள், சண்டை போடுவார்கள், சிலர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதப் படிப்பார்கள்.

"இத்தன வருசமா செஞ்சுபோட்ட வேலைக்கு இப்ப என்னத்துக்குப் படிப்பு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்டாரே தவிர, முதல் சனிக்கிழமை பைக்கில் கொண்டுபோய்க் கல்லூரி வாசலில் விட்டதும் அவர்தான்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் உக்கடம் பக்கத்துப் பழைய தெருவொன்றிலிருந்து வந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். மாமனார் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. இவள் வீட்டு மொட்டைமாடியில் தெருப் பெண்பிள்ளைகளைக் கூட்டித் தையல் சொல்லிக்கொடுத்தாள்.

"தையல் ஒரு சாக்குத்தானுங்க அக்கா. ஊட்டுல பேச முடியாததெல்லாம் எங்கியாச்சும் பேசோணுமில்லைங்க? அதுக்குத்தான் வராளுக" என்றாள்.

அந்தப் படிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர் யோசனை சொல்லாமல் கேட்க மட்டும் வேண்டும். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே காலம் போனவள் நான். என்னை உட்காரவைத்து, சொல்லு என்று யாரும் கேட்டதில்லை. மில்லுக் கதை, கட்டடத்து ஓனர் கதை என்று சுற்றிவந்துவிட்டு, கடைசியில் பேசுவேன் என்று நானே நினைக்காத ஒருத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

அவள் எங்கள் மையத்துக்கு வந்தபோது பதினைந்து பதினாறு வயதிருக்கும். மில் விடுதியில் தங்கி நூல் சுற்றுகிற பகுதியில் வேலை. சிரித்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் போர்டில் கணக்கைத் தப்பாகப் போட்டால், "அக்கோவ், அங்க பாருங்க" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வாள். நான் சாப்பிட்டேனா என்று என்னைக் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான். பத்தாவது பாஸானாள். அந்தத் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்றார்கள். போன் நம்பர் மாறிப்போனது.

"பிள்ளைக வளந்து போறதுதான் நம்ம வேல. அது எனக்குத் தெரியும் அம்மணி. ஆனா, இன்னும் கதவு தெறக்குற சத்தம் கேட்டா அவளோன்னு பாக்கறேன்" என்றேன்.

யோசனை சொல்லக்கூடாது என்பதுதானே விதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டாம் வருடம் ஆய்வு. என் மையத்துக்கு வந்துபோன பிள்ளைகளைத் தேடிப்போய், இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்று பேட்டி எடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் வழிகாட்டி வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் இளையவர். சங்கடத்தோடு தலையை ஆட்டினார்.

"மேடம், நீங்களே போய்க் கேட்டா உங்க மனசு நோகாமத்தான் பதில் சொல்லுவாங்க. நீங்க ரெண்டு பேரும் மாத்திக்கங்களேன். அவங்க பிள்ளைகள நீங்க பாருங்க, உங்க பிள்ளைகள அவங்க பாக்கட்டும். யாரு என்ன சொன்னாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லக்கூடாது."

நியாயம்தான் என்று தோன்றியது. அன்றைக்கு எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

என்னிடமிருந்த பழைய நம்பர்களைக் கொடுத்தேன். அவள் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, ஊர் ஊராகப் போய் வந்தாள். நான் அவளுடைய பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்தி சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து, அந்த மொட்டைமாடியைப் பற்றியும் அதை நடத்துகிறவளைப் பற்றியும் ஒன்று சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அதை நான் என் தோழியிடம் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன பொண்ணு கெடச்சுட்டாளுங்க. பேசறேன்னு ஒத்துக்கிட்டா. இத மட்டும் உங்ககிட்ட சொல்லலாம்னு சொன்னா. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

எந்த ஊர் என்ற கேள்வி வாய் வரை வந்தது. டீயைக் குடித்து அதை அடக்கினேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணைப் பார்க்க என் தோழி போகிற நாள். சிங்காநல்லூரிலிருந்துதான் பஸ் என்பதால் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கிழக்கே எத்தனையோ ஊர்களுக்கு அங்கிருந்து பஸ் உண்டு. வெயிலில் நின்று விலைவாசி பேசினோம், அவள் மகனின் பரீட்சை பேசினோம். கொஞ்ச நேரத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"நீங்க போங்க அக்கா. பஸ் வாரதுக்குள்ள போயிருங்க."

ரோட்டைத் தாண்டி நடந்தேன். பின்னால் ஒரு பஸ் வந்து நிற்கும் சத்தமும் கண்டக்டர் ஊர்ப்பேரைக் கூவுவதும் கேட்டன. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, வேகமாக நடந்தேன், அவ்வளவுதான். மையத்துக்குள் நுழைந்து மின்விசிறியைப் போட்ட பிறகுதான், உட்கார்ந்து அழ முடிந்தது.

அதன்பிறகு பல சனிக்கிழமைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்கள் என் பக்கத்திலேயே நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எத்தனையோ படித்தோம், எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த பாடம் அதுதான்.

ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று, கல்லூரிப் படிக்கட்டில் வைத்து அவளே பேச்செடுத்தாள்.

"படிப்பு முடிஞ்ச பொறகு சொல்லச் சொன்னா அக்கா. 'நான் நல்லாத்தான் இருக்கேன். இங்க யாருக்கும் நான் மில்லுல இருந்தது தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால இப்ப பாக்க வரல, அக்கா கோவிச்சுக்கக் கூடாது'ன்னா."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கோபமில்லை. அவள் கட்டிக்கொண்ட வாழ்க்கைக்குள் எனக்கு இடமில்லை என்பது புரிந்தது.

"சிரிச்சாளா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். இதைச் சொல்லலாமா கூடாதா என்று எண்ணிப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

"சிரிச்சாளுங்க அக்கா. பக்கத்து ஊட்டுல இருந்து எட்டிப் பாத்தாங்க."

பட்டம் வாங்கியாகிவிட்டது. இப்போதும் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் சந்திக்கிறோம். ஒருத்தி பேசுகிறாள், ஒருத்தி கேட்கிறாள். மையம் வழக்கம்போல நடக்கிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, கிழக்கிலிருந்து வந்து நிற்கிற பஸ்களில் இறங்குகிறவர்களை நின்று பார்க்கிறேன். இப்போது அவளைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

போன மாதம் மையத்துப் பெண் ஒருத்தி, இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவள், கடைசி நாளாக வந்திருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க்கா, நாங்கெல்லாம் போயிட்டா எங்கள நெனைப்பீங்களா?"

முன்பெல்லாம் யாராவது இப்படிக் கேட்டால், "போயி வேலையப் பாரு" என்று சிரித்துத் துரத்துவேன்.

"நெனைப்பேன் கண்ணு. ரொம்ப நெனைப்பேன்" என்றேன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டு, "சரிங்க்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டு, பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.