மூன்றாம் தளத்திலிருந்து இறங்கியவர்

அந்நாள்களில் நாங்கள் உரையாடிய முறையைக் கண்டவர்கள் சிரித்திருப்பார்கள். நான் தெருவில் நின்று அண்ணாந்து பேசுவேன். என் நண்பர் மூன்றாம் தளத்து முகப்பில், கம்பித் தடுப்பை ஒட்டி நாற்காலியைப் போட்டு அமர்ந்து, குனிந்து பேசுவார். அவரால் இறங்க இயலாது. என்னால் ஏற இயலாது. என் இதயக் குழாயின் அடைப்பை நீக்கிய மருத்துவர், இனி மாடிப்படியை மறந்துவிடுங்கள் என்று கூறியிருந்தார். ஆகவே எழுபதைக் கடந்த கிழவர்கள் இருவரும் எங்கள் உணவு, உறக்கம், மலச்சிக்கல் ஆகிய அனைத்தையும் தெருவறியப் பேசினோம். இடையிலிருந்த தளங்களில் குடியிருந்தோர் எங்கள் உரையாடலில் தடையின்றிக் கலந்துகொண்டனர்.

"வாத்தியாரே, மாத்திர தின்னீரா?" என்பார் அவர்.

"உட்கொண்டேன் அண்ணாச்சி. தாங்கள்?"

அவர் வாய் திறக்குமுன் இரண்டாம் தளத்துப் பெண் எட்டிப் பார்த்து விடையளிப்பாள்: "அவரு எங்க தின்னாரு ஐயா! மாமி காலையில இருந்து ஏசிக்கிட்டுக் கெடக்கா."

நண்பர் இளமை முதல் சங்கு குளித்தவர். இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு, மூச்சடக்கி ஆழத்தில் இறங்கிச் சங்கு பொறுக்கிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். நானோ நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து, தூத்துக்குடிக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். அரசு மருத்துவமனையில் முதியோர்க்கென ஏற்படுத்திய தனி வரிசையில் எங்கள் நட்பு தொடங்கியது. முன்னால் நின்றவர் திரும்பி, "ஓய், உமக்குச் சீனியா, பிரஷரா?" என்றார். இரண்டும் என்றேன். "அப்ப நம்ம ஆளுதான்" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

அவர் வாழ்ந்தது கடற்கரையை ஒட்டிய பழைய குடியிருப்பில். உப்புக் காற்று அரித்துக் கம்பிகள் துருவேறிக் கூரைகள் பெயர்ந்து விழத் தொடங்கியதும், அரசு அவ்வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் தரைத்தளமும் அதன்மேல் மூன்று தளங்களுமாக அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. உறுதியான சுவர், தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர் எல்லாம் இருந்தன. மின்தூக்கி மட்டும் இல்லை.

வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதற்காக முற்றத்தில் கூட்டம் கூடிய அன்று நானும் சென்றிருந்தேன். முதியோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் தரைத்தள வீடுகளில் முன்னுரிமை உண்டு என்னும் விதியை அலுவலர் ஒருவர் ஒலிபெருக்கியில் தெளிவாகவே படித்தார். பிழை அவரிடம் இல்லை. பிழை அந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு பெருமிதத்தில் இருந்தது.

நண்பர் பிறந்த ஊரைப் போலக் கரைவலை இழுக்கும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை விடுவது என்பதைக் கோயில் முற்றத்தில் சீட்டுப் போட்டே முடிவு செய்வார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வசதியுள்ளவர், இல்லாதவர் எல்லார் பெயரும் ஒரே குடத்துக்குள் விழும். வந்த சீட்டை மாற்றிக் கேட்பது இழிவு. கேட்டவனுக்குக் கடலும் மீன் தராது என்பார்கள்.

அலுவலர் படித்து முடித்ததும் என் நண்பர் எழுந்தார்.

"சீட்டுன்னா சீட்டு சார். அதுல என்ன கெழவன், கொமரன்? எல்லாத்துக்கும் ஒரே கொடம்!"

கூட்டம் கைதட்டியது. விருப்பமுள்ள முதியோர் கை தூக்கலாம் என்று அலுவலர் மீண்டும் மீண்டும் கேட்டும் ஒரு கையும் உயரவில்லை. ஊர் முன்னிலையில் தன்னை இயலாதவன் என்று சொல்லிக்கொள்ள எவருக்கு மனம் வரும்? ஒரே குடத்தில் எல்லார் பெயரும் விழுந்தன. நண்பருக்கு மூன்றாம் தளம் வந்தது. "கடலுக்கு அடியில கெடந்தவன ஆண்டவரு ஒசக்க ஏத்திட்டாரு வே" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

அச்சிரிப்பு மழைக்காலம் வரை நீடித்தது. ஈரப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டு முறிந்தது. எழுபது வயது கடந்தோர்க்கு வருவாய் பாராது வழங்கப்படும் மருத்துவக் காப்பீட்டு அட்டை அவரிடம் இருந்தது. அரசு மருத்துவமனையிலேயே மூட்டை மாற்றினார்கள். கைப்பொருள் எதுவும் செலவாகவில்லை. அதே அட்டைதான் என் இதயத்தையும் காத்தது என்பதால் இதை நன்றியோடு எழுதுகிறேன். பிறகு இளைஞர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். அதன்பின் அவர் இறங்கவில்லை.

அரசு அவரைக் கைவிட்டதென்று எவரும் எண்ண வேண்டா. குருதி அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை நலவாழ்வுப் பணிப்பெண்கள் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தனர். உதவித்தொகை தவறாமல் வந்தது. இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் இளம்பெண்ணொருத்தி படியேறி வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தாள். புதிய மூட்டைத் தந்தார்கள், மருந்தைத் தந்தார்கள், உறுதியான வீட்டையும் தந்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே பெரும் நன்மை. ஆயினும் மூட்டு நடை கேட்டது. வீடு நடக்க விடவில்லை. நன்மைகளை ஒன்றோடொன்று பொருத்துவதும் அறத்தின் ஒரு பகுதியே என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

ஒருநாள் மாலை நண்பரின் மனைவியார் முகப்பில் தனியே நின்றிருந்தார். அவர் வாயாடி, ஆனால் அன்று குரல் அடங்கியிருந்தது.

"ஐயா, பயிற்சி குடுக்க வர்ற புள்ள சொல்லிட்டா. வீட்டுக்குள்ள சுவரப் புடிச்சி நடந்தா பத்தாதாம். வெளிய சமதரையில தெனமும் நடக்கணுமாம். இல்லன்னா மாத்தி வச்ச மூட்டு இறுகிப் போயிருமாம். பொறவு படுக்கைதானாம்."

மறுநாளே நான் வீட்டுவசதி அலுவலகம் சென்றேன். அதே அலுவலர் என்னை அமரச் செய்து பொறுமையாகக் கேட்டார். விதி இன்னும் நடைமுறையில் இருக்கிறதென்றார். அங்குள்ள முதியோர் குடும்பங்களைவிடத் தரைத்தள வீடுகள் மிகுதியாகவே இருந்தன. முதியோர் வாய் திறந்து கேட்டால், தாமே நேரில் வந்து ஒதுக்கீட்டை மாற்றித் தருவதாகச் சொன்னார். "அன்னைக்கு ஒரு கை கூடத் தூக்கலியே ஐயா, நாங்க என்ன செய்ய?" என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி.

வெற்றியைக் கையில் ஏந்தியவனாகத் தெருவுக்கு வந்து அண்ணாந்து சொன்னேன்.

"அண்ணாச்சி! தாங்கள் கேட்டாலே போதும். தரைத்தள வீடு தருவார்கள்."

"நான் கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஒரே கொடம்னு கத்துனவன் எவன்? நான்தான். இப்ப எனக்கே இடுப்பு போனதும் வேற கொடம் கேக்கவா? ஊரு சிரிக்கும் வே."

"அங்கு மின்தூக்கி இருந்திருந்தால் நானும் வற்புறுத்தேன்…"

"மின்தூக்கியா? அது என்ன மீனு?"

முதல் தளத்திலிருந்து ஒருவன், "லிஃப்ட சொல்லுதாரு பெரியப்பா" என்று மொழிபெயர்த்தான். தெருவே சிரித்தது. அச்சிரிப்பின் நடுவே நண்பரின் மனைவியார் கையில் அகப்பையோடு முகப்புக்கு வந்தார்.

"சிரிக்கட்டும். இப்பமே சிரிக்கத்தானே செய்யுது! இந்தா பாருங்க, எல்லாப் பாட்டையுமா கொடத்துல போட்டீங்க? ஒங்க ஊருல மொதப் பாட்டக் கொடத்துல போடுவாங்களா?"

நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்களேன். ஐயாவுக்குத் தெரியாதுல்ல."

"போட மாட்டாங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"ஏன் போட மாட்டாங்க?"

"வலை இழுக்க ஆளில்லாத வீட்டுக்குன்னு அத ஒதுக்கி வைக்கது. ஊரே இழுத்துக் குடுக்கும்."

"ஒங்க அப்பா கடல்ல செத்துப் போனப்ப அந்தப் பாடு எந்த வீட்டுக்கு வந்திச்சி? ஒங்க அம்மா அத வாங்கித்தானே ஒங்கள வளத்தா? அவ என்ன, ஊரு சிரிக்கும்னு வேண்டாம்னாளா? அவளுக்கு இல்லாத வீம்பு ஒங்களுக்கு எங்கேருந்து வந்திச்சி?"

ஒதுக்கி வைத்த அந்த முதல் பாட்டைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அலுவலரின் கோப்பில் இருந்த விதியை அந்தக் கடற்கரை தன் மணலில் முன்பே இயற்றி வைத்திருந்தது. கூட்டத்தன்று குடத்தை நினைத்தவர்கள், குடத்துக்கு வெளியே வைக்கப்படும் அந்த ஒன்றை நினைக்க மறந்தார்கள்.

நண்பர் தடுப்பைப் பற்றிக் குனிந்து என்னை நோக்கி, "அந்த ஆபீசர வரச் சொல்லும்" என்றார்.

அடுத்த வாரம் முற்றத்தில் மீண்டும் கூட்டம் கூடியது. அவரைத் தூக்கி வர இளைஞர்கள் படியேறினர். அவர் மறுத்துவிட்டார். முகப்பில் தடுப்பைப் பற்றி எழுந்து நின்றார். கீழே எல்லாரும் அண்ணாந்தனர். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை.

"ஏலே, எல்லாரும் கேளுங்க! அன்னைக்கு ஒரே கொடம்னு கத்துனது நான்தான். சீட்டு தப்பில்ல. மொதப் பாட்ட எடுத்து வைக்காம சீட்டுப் போட்டது தப்பு. முடியாத வீட்டுக்கு அத எடுத்து வைங்க. எனக்கும் முடியல. வெக்கமில்லாமச் சொல்லுதேன், எனக்கு நடக்கணும்!"

பின்பு எதிர்க்கட்டடத்தின் இரண்டாம் தளத்திலிருந்து ஒரு மூதாட்டியின் கை உயர்ந்தது. "எனக்கும் முடியல சார். மாதா கோயில் பூசைக்குப் போயி எவ்வளவோ நாளாச்சி." அடுத்து இன்னொரு கை. அன்று உயராத கைகள் எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக உயர்ந்தன. அலுவலர் எழுதிக்கொண்டே போனார்.

இனித் தரைத்தளத்தில் இருந்தோர் மனம் இசைய வேண்டும். அவர்களுள் விசைப்படகில் தொழில் செய்யும் இளைஞன் ஒருவன், வலை உலர்த்துவதற்கு வசதியான மூலை வீட்டில் இருந்தவன். அவன் தன் மனைவியைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். அவன் அண்ணாந்து கூவினான்:

"சித்தப்பா, நாங்க மேல போறோம்! காத்து எங்களுக்கு, கொசு ஒங்களுக்கு! சம்மதமா?"

"கொசுவ நான் பாத்துக்கிடுதேன்லே, நீ பொண்டாட்டியக் கூட்டிட்டு ஏறு!"

அதன்பின் தயக்கம் காட்டியோராலும் மறுக்க இயலவில்லை. முதியோர் குடும்பங்களுக்கு மட்டும் தனிக் குடம் வைத்து, தரைத்தளத்தில் எவருக்கு எந்த வீடு என்று சீட்டெடுத்தார்கள். எச்சீட்டு வந்தாலும் படி இல்லை என்பதால் அன்று எல்லார் முகத்திலும் வெற்றி இருந்தது. நண்பரின் சீட்டை அவர் மனைவியாரே எடுத்தார். எடுத்த கையோடு என்னைப் பார்த்து, "ஐயா, இனிமே ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க. ஒங்க வயித்துக் கதைய ஊரு முழுக்கக் கேட்டாச்சி" என்றார்.

புதிய வீட்டு வாயிலில் அலுவலகத்தார் கைப்பிடியோடு ஒரு சாய்தளம் அமைத்துக் கொடுத்தனர். இயன்முறைப் பெண் முற்றத்தின் சமதரையில் அவரை நடத்தினாள். முதலில் நடைச்சட்டம், பிறகு கைத்தடி. அன்று முதலில் கை உயர்த்திய மூதாட்டி பூசைக்குப் போகும்போது, "என்ன, இன்னும் தவழுதீரா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அக்கேள்விக்காகவே இவர் மேலும் ஒரு சுற்று நடப்பார்.

சென்ற வாரம், விடிந்து சற்று நேரத்தில் என் வீட்டு வாயிற்கதவு தட்டப்பட்டது. திறந்தேன். தடியை ஊன்றியபடி வேர்த்து விறுவிறுத்து நண்பர் நின்றுகொண்டிருந்தார். இடையில் இரண்டு தெருக்களும் ஒரு பெரிய சாலையும் உண்டு.

"என்ன வே பாக்கீரு? காப்பி இருக்கா, இல்லியா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரை அமர்த்தும் முன்பே என் கைப்பேசி ஒலித்தது. அவர் மனைவியார்.

"ஐயா, அவரு அங்கனயா வந்தாரு? சொல்லாமப் போயிட்டாரு."

"இங்குதான் இருக்கிறார் அம்மா. தனியே நடந்தே வந்திருக்கிறார்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு அவருடைய பழைய குரல் திரும்பியது.

"அப்படின்னா காப்பியக் குடுத்துட்டு, நடந்தே திரும்பி வரச் சொல்லுங்க. பாவம்னு சொல்லி ஆட்டோவுல ஏத்தி விட்டுறாதீங்க!"