இரண்டாம் ஆளுக்கு ஒரு நற்சான்று

பிரவீணன் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர். கேட்டு வாங்குவதை மரியாதைக் குறைவாக நினைத்த மனிதர் என்றால் இன்னும் சரி. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்திலுள்ள ஒரு விளையாட்டுக் கல்லூரியில் பதினொரு வருடங்களாக உதைபந்தாட்ட உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் ஆகவேண்டும் என்ற ஆசையை மனைவி ஆரணியைத் தவிர எவரிடமும் அவர் சொன்னதில்லை. வயதோ முப்பத்தெட்டு.

இந்தக் குணம் வீட்டிலிருந்து வந்தது. தகப்பன் அருளானந்தன் எண்பதுகளில் வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், மூன்றே வருடத்தில் மேற்பார்வையாளர் ஆனவர். "வேலையைச் செய். பாக்கிறவனுக்குக் கண் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்த்தார். அந்தக் குளிரில் நின்றுபிடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பத்தொன்பது வயதில் முழங்கால் சவ்வு கிழிந்து பிரவீணனின் ஆட்டம் முடிந்தது. பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தார், மாலையில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சும்மா பந்து பழக்கினார், சனி ஞாயிறுகளில் பயிற்சியாளர் சான்றிதழ்களுக்குப் படித்தார். அந்தப் பிள்ளைகள் ஆடுவதை ஒருநாள் நின்று பார்த்த ஹெல்க, "என்னோடு வருகிறாயா?" என்று கேட்டார். ஹெல்கதான் கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர். பார்க்கிறவனுக்குக் கண் இருக்கிறது என்று தகப்பன் சொன்னது பலித்துவிட்டதாகப் பிரவீணன் நம்பினார்.

உதவிப் பயிற்சியாளர் என்றால் என்ன வேலை? கூம்பு அடுக்குவது, மைதானத்தில் பனி தள்ளுவது, எதிரணியின் ஆட்டத்தை வீடியோவில் துண்டு துண்டாக வெட்டுவது, காயப்பட்டவனின் தாய்க்குத் தொலைபேசி எடுப்பது. வென்றால் பக்கத்தில் நின்று கைதட்டுவது. பிரவீணன் கொப்பியில் கீறிக் கீறிக் கண்டுபிடித்த கோர்னர் உதையில் அணி ஒரு பருவத்தில் பதினான்கு கோல் அடித்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதற்கு 'ஹெல்கவின் கோர்னர்' என்று பெயர் வைத்தது. ஹெல்கவும் திருத்தவில்லை, பிரவீணனும் திருத்தவில்லை. ஆரணி மட்டும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் நல்ல சோடி" என்றாள்.

ஹெல்க கெட்டவர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் பிரவீணன் சண்டைக்கே போயிருப்பார். பிரவீணனுக்கும் ஆரணிக்கும் நடந்த கல்யாணத்துக்கு வேட்டி கட்டி வந்தவர் ஹெல்க. பந்தியில் இருந்து கையால் குழைத்துச் சாப்பிட்டார். எங்கள் சனத்துக்கு அது போதாதா? உருகிப்போனது. ஐந்தாவது வருடம் ஒரு வெற்றிக்குப் பிறகு தோளில் கைபோட்டு, "நான் போனால் இந்த இடம் உனக்குத்தான்" என்றும் சொன்னார்.

அந்த ஒரு வசனத்தைப் பிரவீணன் சத்தியமாக எடுத்துக்கொண்டார். பக்கத்து நகரமான ட்ரம்மனில் ஒரு அணி தலைமைப் பயிற்சியாளர் தேடியபோது விண்ணப்பிக்கவில்லை. ஹெல்கவிடம் அந்தப் பேச்சை நினைவூட்டவும் இல்லை. நினைவூட்டினால், 'நீ எப்போது போவாய்?' என்று கேட்பது போலாகிவிடுமாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எங்கள் ஊர்ப் பழமொழிதான். எங்கள் ஊர் மனிதருக்கு அது ஏறவில்லை.

சென்ற மாசி மாதம் ஹெல்கவுக்கு ஸ்தவாங்கரில் ஒரு பெரிய கழகத்தில் வேலை கிடைத்தது. கல்லூரி விளம்பரம் போட்டது. பிரவீணன் வாழ்க்கையில் முதல்தடவையாக விண்ணப்பம் எழுதினார். தன்னைப் பற்றி விசாரிப்பதற்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு பெயர். ஹெல்கவை விட்டு இன்னொருவரின் பெயரைப் போடுவது அவருக்குத் துரோகமாகப் பட்டது. நேர்முகமும் நன்றாகவே நடந்தது. மூன்று வாரம் கழித்து வந்த கடிதம் வருந்துவதாகச் சொன்னது. வெளியிலிருந்து மார்ட்டின் என்ற முப்பத்தொரு வயதுக்காரரை எடுத்திருந்தார்கள்.

ஆரணிக்கு நகரசபையின் ஆவணப் பகுதியில் வேலை. "இன்சின் கேளுங்கோ, கோப்பைக் காட்டச் சொல்லி," என்றாள். "உங்களைப் பற்றி என்ன எழுதி வச்சிருக்கினம் எண்டு பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

"கேட்டால் ஹெல்க என்ன நினைப்பார்?"

"அவர் என்ன நினைச்சவர் எண்டதைத்தான் பாக்கச் சொல்லுறன்."

கேட்டார். பத்து நாளில் மின்னஞ்சலில் வந்தது. குசினி மேசையில் இருந்து, கோப்பி ஆறும்வரை, ஹெல்க தன்னைப் பற்றிச் சொல்லியிருந்த மூன்று வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். 'இரண்டாம் ஆளாக இவரைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார். முதல் ஆளுக்கு வேண்டிய பசி இவரிடம் இல்லை. பதினொரு வருடத்தில் ஒருதடவைகூட அந்த இடத்தைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.'

அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தான் மரியாதை என்று காத்துவந்ததையே எடுத்துத் தன் கழுத்துக்குச் சுருக்காகப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தார்.

அடுத்த நாள் ஹெல்க தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். பிரவீணன் தாளை மேசையில் வைத்தார். ஹெல்க வாசித்தார். முகம் சிவக்கவில்லை.

"பொய் ஒன்றும் இல்லையே," என்றார். "நீ எப்போதாவது கேட்டாயா?"

"இடம் எனக்குத்தான் என்று நீதானே சொன்னாய்."

ஹெல்க புருவத்தைச் சுருக்கினார். உண்மையாகவே அவருக்கு ஞாபகமில்லை. பிறகு அவர் முகம் மலர்ந்தது. "இதைக் கேள். ஸ்தவாங்கரில் உனக்கும் ஒரு இடம் பேசி வைத்திருக்கிறேன். உதவிப் பயிற்சியாளர். நீ இல்லாமல் நான் அங்கே என்ன செய்வேன்?"

அப்போதுதான் பிரவீணனுக்கு முழுவதும் விளங்கியது. தன்னோடு கூட்டிப்போவதற்காகவே இங்கே கதவைச் சாத்தியிருக்கிறார். கூட இருந்தே குழி பறித்துவிட்டு, அந்தக் குழிக்குள் கையை நீட்டித் தூக்கிவிடவும் வருகிறார். நம்ப நட, நம்பி நடவாதே என்று தெரியாமலா சொன்னார்கள்?

"வரமாட்டேன்," என்றார் பிரவீணன். கல்யாணத்துக்கு வந்ததைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

திங்கட்கிழமை மார்ட்டின் வந்தார். நல்ல பொடியன் போலத்தான் இருந்தார். மைதானத்தில் பிரவீணன் கூம்பு அடுக்குவதைப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கள் இருக்கும்வரை எனக்கு ஒரு பயமும் இல்லை என்று ஹெல்க சொன்னார்."

பிரவீணன் கையை விடவில்லை. "உங்களுடைய இடத்துக்கு நானும் விண்ணப்பித்தேன். தெரியுமா?"

மார்ட்டினின் சிரிப்பு பாதியில் நின்றது. "தெரியும்."

"எனக்குத் தலைமைப் பயிற்சியாளராக வேண்டும். அடுத்த விளம்பரத்துக்கும் போடுவேன். அப்போது உங்களைத்தான் தொலைபேசியில் கேட்பார்கள். என்ன சொல்வீர்கள் என்று இப்போதே எனக்குச் சொல்லுங்கள்."

பதினொரு வருடம் பிந்திய கேள்வி அது. கேட்க வேண்டிய ஆளிடமும் இல்லை. மார்ட்டின் மைதான ஓரத்துப் பனியைப் பார்த்தார், அடுக்கி முடியாத கூம்புகளைப் பார்த்தார். அதற்கு நேரம் இருக்கிறதுதானே, முதலில் ஒன்றாக வேலை செய்து பார்ப்போம் என்றார்.

பிரவீணன் தன் மற்றக் கையிலிருந்த மிச்சக் கூம்புகளை அவரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றார்.