முதல் வாளித் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வாய்த்த வேலையை எங்கள் ஊர் பாளையம்பட்டியில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த அணையின் அடிமதகு வழியாக வரும் தண்ணீர் ஜில்லென்றிருக்கும். ஆற்றோடு போகப் போகச் சூடேறும். எந்தப் பாலத்தருகே எவ்வளவு சூடு இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். மீன்குஞ்சுகளை எங்கே விடுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அப்பாவுக்கு ஊரில் மிளகாய் வற்றல் கடை. "தண்ணி சுடுதான்னு வெரல விட்டாத் தெரியும். அதுக்கு ஒரு உத்தியோகமா?" என்பார். வேலையோ தற்காலிகம். கணக்கு சரிப்பட்டால் நீடிக்கும். இல்லாவிட்டால் கடையில் உட்கார வேண்டும். கடையை நினைத்தாலே எனக்குத் தும்மல் வந்தது.

சிக்கல் என்னவென்றால், நான் சொன்ன சூட்டைவிட, பாலத்தில் ஆள் வைத்து அளந்த சூடு எப்போதும் ஒன்றரை டிகிரி கூடுதலாகவே இருந்தது. "கணக்கு தப்புய்யா, மாத்திப் போடும்" என்றார் அதிகாரி. நான் மாற்றவில்லை. மணலின் குளிர்ச்சியையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. எங்கள் ஊர்ப் பக்கம் திருச்சுழி ஆற்றின் காய்ந்த மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவனுக்கு மணலைப் பற்றி யார் பாடம் நடத்துவது?

கடைசி வாய்ப்பாக அதிகாரியே ஒரு மத்தியானம் என்னோடு பாலத்துக்கு வந்தார். என்னைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்த அப்பாவும் கூடவே வந்தார். வழக்கமாக அளக்கிற ஆள் அன்று லீவு. பாலத்தில் வெயிலில் கிடந்த இரும்பு வாளியை நானே கயிறு கட்டி இறக்கினேன். மேலே வந்ததும் கை தானாக அதை அலசிக் கொட்டிவிட்டது. எங்கள் பக்கத்துப் பழக்கம். வெயிலில் கிடந்த செம்பில் மொண்ட முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதை ஆட்டுக்கு ஊற்றிவிட்டு அடுத்ததைத்தான் குடிப்போம்.

"ஏன்யா கொட்டினீர்?" என்று அதிகாரி கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாளும் அளந்ததெல்லாம் முதல் வாளி! வாளியின் சூட்டையும் சேர்த்தே ஆற்றின் சூடு என்று எழுதி வந்திருக்கிறார்கள். இரண்டாவது வாளியில் வெப்பமானியை விட்டேன். நான் சொன்ன அளவில் நின்றது. மூன்றாவதிலும் அதேதான். அதிகாரி தோளில் தட்டினார். சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அப்பா வெப்பமானியைப் பார்க்கவே இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைய நான் பாத்துக்கிறேன். நீ இங்கனயே இரு" என்றார். பிறகு மெதுவாக, "ஏலே, நம்மூரு ஆத்துக்கு எப்பக் கணக்குப் போடப் போற?" என்று கேட்டார்.

அன்றைக்கு எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். இதைக் கேட்டதும் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். கணக்குப் போட முதலில் அங்கே தண்ணீர் ஓட வேண்டும்.