அவியாத கௌபி

எனக்கும் என் தங்கைக்கும் பள்ளிமுனையில் ஒரே வளவு. அப்பா விட்டுப்போன காணியில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிடுகு வேலி, வேலி முடிகிற மேற்குக் கோடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை ஒன்று உண்டு. மாதத்தின் முதல் வெள்ளி காலை ஏழு மணிக்கு அந்த ஓட்டையால் ஒரு சத்தம் வரும். சாப்பாட்டுக் கோப்பையில் ஒவ்வொன்றாகக் கௌபிப் பயறு விழுகிற சத்தம். டக், டக் என்று. அவித்த கௌபி அப்படிச் சத்தம் போடக் கூடாது. மூன்று வருஷமாக அதைக் கேட்டபடிதான் நான் கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிட்டேன்.

தொடக்கி வைத்தவள் நான்தான். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கையின் புருஷன் விடத்தல்தீவு ஆள். கடலுக்குப் போகிற நாளெல்லாம் அவருக்கு அவித்த கௌபி வேண்டும். சோறு கட்டிக் கொடுத்தால் பாதி திரும்பி வரும், கௌபியில் ஒரு மணியும் வராது. கறுத்த கண் வைத்த வெள்ளைக் கௌபிதான், சிவப்பு என்றால் முகத்தைச் சுளிப்பார். தங்கை முதல் நாளே ஊறப்போட்டு, விடியப்புறம் அவித்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்துக் கொட்டி, தேங்காய்ப்பூ தூவி ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். கரைக்கு வருமுன்னமே அவர் அந்த டப்பாவைக் கழுவி, மூடியைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் செய்கிற வேலை இல்லை அது. நான் அதைச் சொல்லிப் பகிடி பண்ணாத நாள் இல்லை.

ஒரு முதல் வெள்ளியன்று தனியாகப் போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் படகு மட்டும் ஒரு மணல்திட்டில் ஏறிக் கிடந்தது. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது. டப்பாவும் இருந்தது, வெறுமையாக, சுத்தமாக. கடல் தண்ணி அடித்துக் கழுவியிருக்கும் என்று சொன்னேன். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப மூடியை ஆர் அக்கா கவிட்டு வைச்சது?" என்று கேட்டாள்.



ஒரு மாதம் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் எதற்கும் முடிவெடுக்கிற ஆள் நான். முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்து, பின்னேரம் வீட்டில் செபமாலை சொல்லி அவரை வழியனுப்பிவிட்டால், தங்கை ஒரு பாட்டம் அழுது முடித்து எழும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் கேட்டபோது ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் எனக்கு வசதியான மாதிரி விளங்கிக்கொண்டேன்.

செபத்துக்கு வருகிறவர்களுக்கு அவருக்குப் பிடித்த கௌபியையே அவித்துக் கொடுப்போம் என்றதும் நான்தான். அந்தக் கிழமை பைப்பில் தண்ணி ஒரு தரம்தான் வந்தது. நீலப் பீப்பாவில் இருந்த நல்ல தண்ணியைத் தேத்தண்ணிக்கென்று மிச்சம் பிடித்துவிட்டு, கௌபியைக் கிணற்றுத் தண்ணியில் ஊறப்போட்டேன். அதே தண்ணியில் அடுப்பிலும் ஏற்றினேன். எங்கள் கிணறு உவர். அதில் பருப்பு அவியாது என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரவு முழுக்க ஊறினதுதானே, கொஞ்சம் கூட நேரம் எரித்தால் சரி, உப்புப் போடுகிற வேலையும் மிச்சம் என்று நினைத்தேன். என் கெட்டித்தனம் அப்படி.

மத்தியானம் தொடங்கி ஐந்து மணி வரைக்கும் எரித்தேன். தோல் கழன்று மேலே மிதந்தது. கறுத்த கண்கள் மட்டும் தனியாகக் கழன்று நுரையோடு சுற்றிச் சுற்றி வந்தன. மணி மட்டும் மசியவில்லை. வேறு வழியில்லாமல் தாளித்துக் கொட்டிப் பரிமாறிவிட்டேன்.

செபம் முடிந்து கிண்ணங்கள் கைமாறின. கொஞ்ச நேரத்தில் வீட்டில் பேச்சு நின்றுபோனது. நாற்பது பேர் இருந்த வீட்டில் பல்லில் கௌபி கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் மேசையில் அவருடைய படம், அதற்கு முன்னால் மெழுகுதிரி. ஒருவரும் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. விடத்தல்தீவிலிருந்து வந்திருந்த அவருடைய மாமி ஒருத்திதான் முதலில் வாய் திறந்தாள்.

"உயிரோட இருக்கிறவன்ர பேருக்கு அவிச்சா அவியாது, பிள்ளை," என்றாள்.

அப்படி ஒரு கதையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்த மனுசி அந்த இடத்திலேயே உண்டாக்கினது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தங்கை தலையை நிமிர்த்தினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் இரத்தம் ஓடினதை அப்போதுதான் கண்டேன். அது தண்ணியால் வந்த வினை என்று நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை சனத்துக்கு முன்னால், செத்த வீட்டுச் செபத்துக்கு உவர்த் தண்ணியில் சமைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

அடுத்த முதல் வெள்ளியிலிருந்து தங்கை தானே அவிக்கத் தொடங்கினாள். அவித்து இறக்கி, அவருடைய கோப்பையை எடுத்து வைத்து, ஒவ்வொரு மணியாகப் போட்டுக் கேட்பாள். சத்தம் வந்தால் சிரிப்பாள். நவம்பரில் மரித்த ஆத்துமாக்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுப்போம், பூசையில் வாசிப்பார்கள். தங்கை அப்பா அம்மாவின் பெயரை எழுதினாள், அவருடைய பெயரை எழுதவில்லை. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தையல் வேலையை விட்டாள், சிநேகிதிகளை விட்டாள். பகலில் படலையைச் சாத்துவதில்லை, அவர் வந்தால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டிவருமாம். அவள் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால்தான் அடுப்படியை விட்டு எழும்புவாள் என்று எனக்கு விளங்கியது. ஒரு வாளித் தண்ணியால் அவளை அங்கே கட்டிப்போட்டவள் நான்.

ஆனால் ஒரு விஷயம் என்னைப் போட்டு உலுப்பியது. முதல் தரம் அவியாததற்குக் காரணம் கிணறு, சரி. பிறகும் ஏன் அவியவில்லை? அவள் வீட்டில் சமையல் எல்லாம் பீப்பாத் தண்ணியில்தான். அடுப்படி வாசலில் பீப்பா நிற்பதையும் அதற்குப் பக்கத்தில் கௌபி ஊறுவதையும் என் கண்ணால் காண்கிறேன். ஒருநாள் அவளுடைய பையிலிருந்தே ஒரு சுண்டு கௌபி அள்ளி வந்து என் அடுப்பில் வைத்தேன். அரை மணித்தியாலத்தில் மாவாய்ப் போனது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்குக் கந்தோரில் இரண்டு கடிதத்தைப் பிழையாக அடித்தேன்.

மூன்றாம் வருஷம் ஒக்டோபர் முதல் வெள்ளி, துணிந்து ஓட்டையால் நுழைந்து அவளிடம் போனேன். கோப்பையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். கல்லு மாதிரி இருந்தது, உப்புக் கரித்தது.

"உப்புக் கூடிப்போச்சு," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நான் உப்பே போடேல்ல அக்கா," என்றாள் அவள்.

அந்த நேரம் கிணறு நினைவுக்கு வரவில்லை, கடல்தான் வந்தது. படலை திறந்தே கிடந்தது. முற்றத்து மணலில் கால் தடம் ஏதும் தெரிகிறதா என்று நான் பார்த்தேன். ஓம், பார்த்தேன். பத்து விரலாலும் கந்தோரில் தட்டச்சு அடித்துச் சம்பளம் எடுக்கிற நான்தான் பார்த்தேன்.

அந்தப் பயத்தில்தான் முடிவெடுத்தேன். இந்த முறை அவருடைய பெயரை நானே எழுதிக் கொடுப்பது. என் கையெழுத்தில் எழுதி மடித்துக் கைப்பையில் வைத்தேன். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வியாழன். அடுத்த நாள் முதல் வெள்ளி. கொடுக்குமுன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். நான் அந்த நேரத்தில் வளவில் நிற்பது கிடையாது.

வெயில் கொளுத்தியது. காற்றே இல்லை. கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டுக் கேட்டது. தங்கை தண்ணி அள்ளிக்கொண்டு நின்றாள். காலடியில் கௌபி போட்ட சட்டி.

"என்னடி செய்யிறாய்?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. "ஊறப்போடத் தண்ணி அள்ளுறன்."

நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன். "அண்டைக்கு செபத்துக்கு நானும் இந்தத் தண்ணியிலதான்..."

"தெரியும் அக்கா. நீங்கள் அள்ளினதை யன்னலால கண்டனான்."

"கண்டுமோ? பிறகேன்டி இவ்வளவு காலமும்?"

அவள் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். கயிற்றை அவிழ்த்து ஒழுங்காகச் சுற்றினாள். சுற்றி முடித்த பிறகுதான் பேசினாள்.

"அடுத்த மாசம் நல்ல தண்ணியில வைச்சுப் பாத்தனான். ஒரேயொருக்கா. அரை மணித்தியாலத்தில அவிஞ்சு போச்சு," என்றாள். "அவ்வளவத்தையும் இதில கிடங்கு கிண்டித் தாட்டுப்போட்டு, திருப்பிக் கிணத்துத் தண்ணியில வைச்சனான்."

கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினாள். ஒரு சாண் மணல், மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது. அதைச் சுற்றி வெள்ளைச் சிப்பி அடுக்கியிருந்தாள். மூன்று வருஷமாக நான் அந்தச் சிப்பியை மிதித்து மிதித்துத்தான் குளித்திருக்கிறேன். என் தங்கை அவரை எப்போதோ அடக்கம் செய்துவிட்டாள். அதற்குப் பிறகும் மாதம் ஒருதரம் அவரை உயிரோடு வைத்திருந்தாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"வாளி பாரம் அக்கா. ஒரு பக்கம் பிடியுங்கோ," என்றாள்.

பிடித்தேன். இரண்டு பேருமாகச் சட்டிக்குள் தண்ணியைச் சரித்தோம். பின்னேரம் கோயில் வாசல் வரைக்கும் போனேன், தாளைக் கைப்பையை விட்டு எடுக்காமலே திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கோப்பைச் சத்தம் கேட்டது. நான் கந்தோருக்குக் கட்டின சேலையோடு ஓட்டையால் நுழைந்து போனேன். தங்கைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, கோப்பையில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, பல் நோக நோகக் கடித்தேன்.